யாங்டோலின் சாம்பல் மூட்டை

லடாக்கில் எங்கள் ஊர்ப் பெண்கள் குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைப்பார்கள். குளிர் முடியும்போது வயலில் கிடக்கும் பனிமேல் அதைத் தூவினால் வெயில் நன்றாகப் பிடிக்கும். பனி சீக்கிரம் உருகும், பார்லியை முன்னதாகவே விதைத்துவிடலாம். இதில் யாங்டோலை யாரும் முந்தியதில்லை. அவள் ஓரகத்தி சோண்டோல் சோம்பேறி, ஒரு பிடிகூடத் தூவமாட்டாள்.

போன வருஷம் பனி கணுக்கால் அளவுக்குக்கூட விழவில்லை. யாங்டோல் வழக்கம்போலத் தூவினாள். வெயிலும் என்றுமில்லாமல் முன்கூட்டியே சுள்ளென்று அடித்தது. அடியில் மண் உறைந்தே கிடந்ததால் உருகிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிப்போய்விட்டது. சோண்டோல் வயலிலோ பனி மெல்லக் கரைந்து, மண் இளகியபின் ஊறியது.

யாங்டோல் மலையோடையை நம்பிக் காத்திருந்தாள். அதில் தண்ணீர் வந்தபோது விதைக்கிற பருவம் தாண்டியிருந்தது.

வாய்க்கால் கரையில் சோண்டோல் சிரித்தாள். "அக்கா, சாம்பல் மிச்சமிருந்தா குடேன். பாத்திரமாவது வெளக்கிக்கிறேன்."

"உன் சோம்பேறித்தனத்துக்குத்தான்டி இப்பல்லாம் வெளையுது," என்றாள் யாங்டோல்.

சோண்டோல் பார்லி அடித்தாள். யாங்டோல் ரேஷன் அரிசி சுமந்து வந்தாள்.

இந்தக் குளிர் முடிந்ததும் யாங்டோல் ஒரு மூட்டைச் சாம்பலைக் கொண்டுபோய் சோண்டோல் வாசலில் இறக்கினாள்.

"இந்தா, வெளக்கு."

சோண்டோல் சிரிக்கவில்லை. இந்த முறை இரண்டு பேர் வயலிலும் பனியே விழவில்லை.