நுரையில் விட்ட நல்லெண்ணெய்

எங்கள் குசினியில் பியர் காய்ச்சுவது என் மகள். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா ஷப்பேலில் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கப் போகும்போது இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது, ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. வார நாட்களில் வெள்ளை மேலங்கியோடு இரத்தப் பரிசோதனை செய்வாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கெல்லாம், அவளுடைய அப்பா தன் உணவகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிடுவாள். முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்த இனிப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹொப் பூக்களைப் போட்டு, ஆறியதும் ஈஸ்ட் கலந்து மூடிவைப்பாள். பார்லி, ஹொப், ஈஸ்ட், தண்ணீர். இந்த நாலைத் தவிர வேறொன்றும் அதற்குள் போகக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அந்தப் பானை பொங்கியது. கொதி வருகிற நேரத்தில் அவள் மூடியைப் போட்டுவிட்டு ஹொப் நிறுக்கத் திரும்பியிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பால் வழிந்து அவளுடைய இடது காலில் கொட்டியது. பொம்பியே, தீயணைப்பு ஆட்கள், நாலாம் மாடி ஏறி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று கிழமை காலில் பன்ஸ்மோ, மருந்துக் கட்டு. அவளுக்குக் காயம் மாறிவிட்டது. எனக்குத்தான் பயம் மாறவில்லை. அதற்குப் பிறகு நான் பாலை அடுப்பில் வைப்பதேயில்லை, மைக்ரோவேவில்தான். எங்கள் யன்னலுக்கு நேரே மெட்ரோ பாலத்தில் ஓடுகிற சத்தம் இருபது வருடமாய்ப் பழகிப்போனது. ஆனால் மூடி ஒன்று கடகடவென்று ஆடினால் இன்றைக்கும் குசினிக்கு ஓடிவிடுவேன்.

தை மாதம் அவள் மறுபடி பானையை ஏற்றினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்படியென்றால் நானும் குசினியில் நிற்பேன் என்றேன். நின்றேன். நுரை மெல்ல மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தபோது அவள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு அவியும்போது பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவது எனக்கு யாரும் சொல்லித் தந்த வேலை இல்லை, கை தானாகவே போத்தலைத் தேடும். இங்கே பானை பெரிது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டேன். நுரை அப்படியே அடங்கிப்போனது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்த்து, தான் நெருப்பைக் குறைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டாள். நான் போத்தலை அலுமாரிக்குள் வைத்தேன்.

அந்தப் பியரில்தான் தொல்லை தொடங்கியது. ருசி நல்லது என்றார்கள், நான் குடிப்பதில்லை. ஆனால் கிளாஸில் ஊற்றிய நுரை சோடாவின் நுரைபோல ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. அவள் முன்பு காய்ச்சியவற்றில் அப்படி இருந்ததில்லை. ரூ பெர்தொனே என்கிற தெருவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்ன பியர்க் கடை இருக்கிறது. அதன் முதலாளி பின்பக்கத்தில் தானே காய்ச்சுகிறவர். வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டில் காய்ச்சுகிற ஒருவருடைய செய்முறையை எடுத்துத் தன் கடையில் காய்ச்சி, ஒரு மாதம் கடைக்கு வருகிறவர்களுக்கு ஊற்றுவார். மகளுக்கு மூன்று வருடமாய் அந்த ஆசை. மாசியில் இரண்டு போத்தல் கொண்டுபோனாள். அவர் ருசி பார்த்து, வாசம் பார்த்து, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் கிளாஸை மேசையில் வைக்கமுதல் நுரை போய்விட்டது என்றாராம். யூன் முதல் ஞாயிறு கடைசி நாள், நுரையோடு வா என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு ஆய்வுகூடமாகிவிட்டது. நுரை நிற்பதற்குக் கோதுமை நல்லது என்று, தன் சட்டத்தையே மீறி, பார்லியோடு கோதுமையும் சேர்த்தாள். ஹொப்பைக் கூட்டினாள். நொதிக்கிற வாளியைக் குளிரான அறைக்கு, அதாவது எங்கள் படுக்கையறைக்கு, மாற்றினாள். குழாய்த் தண்ணீரை விட்டுப் போத்தல் தண்ணீர் வாங்கி நாலு மாடி சுமந்தாள். ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினாள், நுரை எத்தனை நொடி நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் நான் பானைக்குப் பக்கத்தில் நின்று, அவள் திரும்புகிற நேரம் பார்த்து, ஒரு தேக்கரண்டி விட்டேன்.

என் கணவருக்கு இந்தப் பாடு ஒன்றும் விளங்கவில்லை.

"நுரைக்கேன் இவ்வளவு கரைச்சல்? குடிக்கிறது கீழை கிடக்கிறதைத் தானே," என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையிலிருந்து காய்ச்சியதில் மூன்றாவது பியரைத் திறந்தாள். நாலாவது அப்போது வாளியில் நொதித்துக்கொண்டிருந்தது. முதலில் கிளாஸ்களில் சந்தேகம் வந்து, ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து உள்ளே உப்புத் தூவினாள். சுத்தமான இடத்தில் உப்பு ஒட்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டாமல் விழுந்துவிடும். எங்கள் வீட்டுக் கிளாஸ்களில் உப்பு ஒட்டின இடத்தைவிட ஒட்டாத இடம் கூடுதல். எல்லாவற்றையும் மறுபடி கழுவினாள். அப்பாவின் கையில் பாதி தின்ற ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருந்தது.

"அப்பா, அந்த வாயோடை என்ரை கிளாஸைத் தொடாதேங்கோ."

"ஏன், என்ரை வாய்க்கென்ன?"

"எண்ணெய். ஒரு சொட்டுப் போதும். நுரையின்ரை தோலைக் கிழிச்சுப்போடும்."

நான் கிளாஸ் துடைக்கிற துணியோடு நின்றேன். ஊரில் உயர்தரத்துக்கு இரசாயனம் படித்தவள் நான். எண்ணெய் ஏன் நுரையை அடக்குகிறது என்று கேட்டால் அந்த இடத்திலேயே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். பானையில் அடக்கியது கிளாஸிலும் அடக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். பொபினியில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக் கந்தீனில் ஒரே பிள்ளைக்கு இரண்டு தரம் சூப் ஊற்றினேன். வாளியில் இருக்கிற நாலாவதைத்தான் அவள் அந்தக் கடைக்குக் கொண்டுபோக இருந்தாள். நொதிக்க இரண்டு கிழமை, போத்தலில் மூன்று கிழமை. புதிதாய் ஒன்று காய்ச்சுவதென்றால் வருகிற சனிக்கிழமையே காய்ச்ச வேண்டும். பேசாமல் இருந்தால் என் பிழை ஒருவருக்கும் தெரியவராது, அவளுடைய நாளும் போய்விடும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் கொப்பியோடு மேசையில் இருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன்.

"பிள்ளை, கொதிக்கேக்கை நான் நல்லெண்ணெய் விடுறனான்."

"எதுக்குள்ளை?"

"உன்ரை பானைக்குள்ளை."

"எவ்வளவு?"

"ஒரு தேக்கரண்டி. நாலு தரமும்."

அவள் கொப்பியைத் திருப்பினாள். கோதுமை என்று எழுதியிருந்த பக்கம், தண்ணீர் என்று எழுதியிருந்த பக்கம். ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள், அதற்காகக் காத்திருந்தேன்.

"நாலு மாசமா நான் பாரிஸ் தண்ணியை எல்லோ சந்தேகப்பட்டனான்," என்றாள். பிறகுதான் பிரெஞ்சு வந்தது, நிறைய வந்தது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது முடிந்தபின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் என்னைக் குசினிக்குள் விடமாட்டாய் என்றேன். அது உண்மை.

அவள் இடது கால் சொக்ஸைக் கழற்றிக் காலைத் தூக்கி எனக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள்.

"பாருங்கோ அம்மா. பன்ஸ்மோ கழட்டினாப் பிறகு நீங்கள் ஒருநாளும் பாக்கேல்லை."

நான் பார்க்கவில்லைத்தான். அவள் காலை நீட்டினால் நான் எழும்பி ஏதாவது வேலை செய்யப் போய்விடுவேன். பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே உள்ளங்கை அளவில் தோல் கொஞ்சம் வெளுத்து மினுங்கியது. தொட்டுப் பார்த்தேன். கூசுகிறது என்று சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் யன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, அயன் பெட்டியால் உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் விசிறுகிற போத்தலைக் கையில் தந்தாள். நுரை ஏறினால் மேலே விசிறு, அது இறங்கும், உள்ளே போவதும் வெறும் தண்ணீர்தான் என்றாள். மூடி போடப்படவில்லை. பானையிலும் வழமையைவிடக் குறைவாகவே நிறைத்திருந்தாள். நுரை எழும்பியது. விசிறினேன், பாதி சுவரில் போயிற்று. இன்னும் விசிறினேன். நுரை ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. மறுபடி எழும்பியது, மறுபடி இறக்கினேன். ஏழெட்டுத் தரம். வாசலில் தேநீரோடு நின்ற கணவர், பொம்பியேயில் ஆள் எடுக்கிறார்களாம், விண்ணப்பம் எழுதிப் போடு என்றார். அவர்மீதும் கொஞ்சம் விசிறினேன்.

நாலாவது பியரைத் தொட்டிக்குள் கொட்டிவிட மகளுக்கு மனம் வரவில்லை. அதை அப்பா பொறுப்பெடுத்தார். அதற்கு நுரையும் இல்லை, எனவே ரோல்ஸுக்கும் தடை இல்லை.

யூன் முதல் ஞாயிறு மூன்று பேரும் போனோம். கடை முதலாளி தாடி வைத்த பெரிய மனிதர், ஆனால் கிளாஸைக் கையாள்வதைப் பார்த்தால் நகைக்கடைக்காரர்போல இருந்தது. கிளாஸைக் கழுவி, சாய்த்துப் பிடித்து, கடைசியில் நிமிர்த்தி ஊற்றினார். இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. அதை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, மகளிடம் ஈஸ்ட் எங்கே வாங்கினாய், எத்தனை பாகைச் சூட்டில் நொதிக்கவிட்டாய் என்று கதைக்கத் தொடங்கினார். அவள் பதில் சொன்னாள், கண் கிளாஸில். என் கணவருடைய ஜக்கெற் பையில் கடதாசியில் சுற்றிய ரோல்ஸ் இருந்தது, அவர் கையைப் பைக்குள் விட்டபடி அசையாமல் நின்றார். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு நுரை இறங்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

ஈஸ்ட் கதை முடிந்து தண்ணீர்க் கதை வந்தது. நுரை கொஞ்சம் தாழ்ந்து, அதோடு நின்றுகொண்டது. அவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸின் உட்பக்கத்தில் வெள்ளை வளையம் ஒன்று ஒட்டியது. இன்னொரு வாய், அதற்குக் கீழே இன்னொரு வளையம். செப்டெம்பரில் ஊற்றலாம் என்றார். பிறகு, என்ன மாற்றினாய் என்று கேட்டார்.

"ஒரு சாமானைக் குறைச்சம்," என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். என்ன சாமான் என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லெண்ணெய்," என்று நானே சொன்னேன். அவர் அதை ஒரு பகிடி என்று நினைத்துப் பெரிதாய்ச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதற்குள் என் கணவர் ரோல்ஸை எடுத்துவிட்டார்.