யன்னலைப் பூட்டிச் சமைத்த நாள்

போன இலையுதிர் காலத்தில் நானும் மனைவியும் சுவிஸின் வில் நகரிலிருந்து, உள்ளேயே சமைத்துப் படுக்க வசதியுள்ள கேம்பர் வானில் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம். துன் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைச் சுற்றுலா முகாமில் வானை நிறுத்தினோம். மழை விடவேயில்லை.

மனைவி எரிவாயு அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்து வானில் ஒரு சுவிஸ் தம்பதி இருந்தார்கள். மணம் அவர்களிடம் போய்விடுமே என்று எனக்குக் கூச்சம். யன்னல்களையும் கூரைத் திறப்பையும் இறுக்கிப் பூட்டினேன்.

"இஞ்சேருங்கோ, மூச்சு முட்டுது. ஒரு யன்னலையாவது திறவுங்கோவன்."

"கொஞ்சம் பொறு. மணம் அடங்கட்டும்."

குளிராக இருந்ததால், குழம்பை இறக்கிய பிறகும் அடுப்பை எரியவிட்டேன். தலையிடிக்குது என்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். எனக்கும் கால்கள் தள்ளாடின. கதவைத் தள்ளித் திறந்து கத்தினேன். பக்கத்து வான்காரர் ஓடிவந்து அவளை வெளியே தூக்கினார்.

பூட்டிய வானுக்குள் அடுப்பெரிந்து நச்சுவாயு சேர்ந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கண்விழித்த மனைவி என்னைப் பார்த்து, "இப்ப மணம் அடங்கிட்டுதோ?" என்று கேட்டாள்.

அவளுக்கு இன்னும் தலைச்சுற்று இருக்கிறது. வான் பயணம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்போது வீட்டிலும் அவள் அடுப்பை மூட்டுமுன் நான் போய் யன்னலைத் திறந்துவிடுகிறேன். மேல்மாடிக்காரர் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும்.