கோரல் தேர்ந்தெடுத்த டயர்கள்

குளிர்காலம் தொடங்கினால் கோரலும் அவள் கணவர் மெர்வினும் போர்ட் அகஸ்டாவில், வீட்டு வண்டிகளில் வருகிறவர்கள் நிறுத்தித் தங்கும் எங்கள் கேரவன் பார்க்குக்கு வந்துவிடுவார்கள். பழைய சிறிய பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து மெர்வின் தன் கையாலேயே வீடாக மாற்றியிருந்தார். வண்டியை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கோரல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பின்னுவாள், இல்லாவிட்டால் தூங்குவாள்.

பிறகு மெர்வினுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. எதிரே நிற்பவர் முகம் தெரியாது, ஓரத்தில் இருக்கும் வேலியும் மரமும் தெரியும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டியை விற்றுவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கோரலோ அறுபத்தெட்டு வயதில் பயிற்சிக்குப் போய், கனரக வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

போன குளிர்காலம் வரும் வழியில், போர்ட் ஜெர்மைன் தாண்டியதும் முன்பக்க டயர் வெடித்தது. வண்டி எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் ஸ்டெப்னியை மாற்றிக் கொடுத்தார். மீதித் தூரத்தை ரோட்டோரமாகவே உருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் நானே அவர்களை டார்சியின் டயர் கடைக்கு அழைத்துப் போனேன். டார்சி சக்கரங்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு மெர்வினிடம் பேசினான்.

“தரையில படுற பட்டன் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு பெரியவரே. ஆனா சைடப் பாருங்க, பாளம் பாளமா வெடிச்சிருக்கு. வண்டி ஓடாம நின்னே கெடந்தா ரப்பர் இப்படித்தான் செத்துப்போவும். எல்லாத்தையும் மாத்தணும்.”

“என்கிட்ட ஏன்பா சொல்ற? ஓட்டுறவங்க அங்க நிக்கிறாங்க.”

டார்சி அசடு வழிந்தபடி கோரல் பக்கம் திரும்பினான்.

“ரெண்டு விதம் இருக்கும்மா. ஒண்ணு தார் ரோட்டுக்கு. சத்தமே வராது, மழையில நல்லா பிடிக்கும். இன்னொண்ணு மண் ரோட்டுக்கும் தாங்கும். சைடு கெட்டி, கல்லு கிழிக்காது. ஆனா தார் ரோட்டுல ஊன்னு கத்திக்கிட்டே வரும். எங்க போறீங்கன்னு சொல்லுங்க, எது வேணும்னு நான் சொல்றேன்.”

கோரல் மெர்வினைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வருஷம், வடக்கே பாலைவனத்தில் வறண்டு கிடக்கும் ஏர் என்ற ஏரிக்குத் தண்ணீர் வந்திருந்தது. எப்போதோ ஒருமுறைதான் வரும். மெர்வின் காலையிலும் மாலையிலும் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அந்தச் செய்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மரீ ஊரைத் தாண்டினால் ஏரி வரைக்கும் வெறும் மண் ரோடு.

“தார் ரோட்டு டயரே போடுப்பா” என்றாள் கோரல். மெர்வின் கடை வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். டயர் அடிலெய்டிலிருந்து வர வேண்டும், சில நாள் ஆகும் என்றான் டார்சி.

அன்று சாயங்காலம் அவர்கள் வண்டி நிழலில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கோரல் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கடையில ஏன் வாயே தொறக்கல நீ? ஏரிக்குப் போவணும்னு ஆசைதானே?”

“ஆசைதான். பயமாவும் இருக்கு கண்ணு.”

“உனக்கா பயம்?”

“முன்னாடி நீ வாயைப் பொளந்துக்கிட்டு தூங்குவ. குழி, கல்லு எல்லாம் நான் பாத்துக்குவேன். இப்ப எதிர்ல என்ன வருதுன்னு உனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல. உன்னத் தனியா விட்டுட்ட மாதிரி இருக்கு.”

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். கோரல் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“இந்தக் கிழவன் பேசுறதக் கேட்டியா? டயர் வெடிச்சப்ப என்ன பண்ணினான் தெரியுமா?”

“நான் ஒண்ணும் பண்ணலியே” என்றார் மெர்வின்.

“அதத்தான்யா சொல்றேன். பிரேக்க அமுக்கு, இப்படித் திருப்புன்னு நீ கத்தியிருந்தா வண்டி கவுந்திருக்கும். என் முட்டி மேல கைய வெச்சுக்கிட்டு சும்மா இருந்த. இவளால முடியும்னு ஒருத்தன் நம்புறானேன்னு நிறுத்திட்டேன்.”

மெர்வின் மூக்கை உறிஞ்சினார். சளி பிடித்திருக்கிறது என்றார்.

காலையில் கோரல் டார்சிக்குப் போன் செய்து, ஆர்டரை மாற்றச் சொன்னாள்.

“மண் ரோட்டுக்கா? பாட்டிம்மா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“பாட்டி உங்க வீட்டுல இருக்கா. நான் சொன்ன டயரப் போடு.”

டயர் வந்த அன்று டார்சி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மண்ணில் போகும்போது காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், திரும்பி வந்ததும் எப்படி நிரப்ப வேண்டும் என்று செய்துகாட்டினான். கோரல் எல்லாச் சக்கரத்திலும் தானே செய்து பார்த்த பிறகுதான் அவனை விட்டாள்.

முதல் முயற்சியில் அவர்கள் ஏரிக்குப் போகவில்லை. மரீயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை குறுக்கே ஓடியது. கோரல் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு, “வேண்டாம்” என்றாள். மெர்வினும் “சரி” என்றார். மரீக்கே திரும்பி, தண்ணீர் வடியும்வரை அங்கே தங்கினார்கள். இரண்டாம் தடவை ஆமை வேகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டின் குலுக்கலில் அலமாரி திறந்து பாதிப் பாத்திரம் நொறுங்கிப்போனதாம். டயருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வந்ததும் மெர்வின் என்னிடம் சொன்னார்: “ஏரிய நேராத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நடுவுல ஒண்ணும் தெரியல, வெறும் வெளிச்சம். ஆனா நேரா பாத்தாத்தான் ஓரத்துல நிக்கிற இவ மூஞ்சி தெரியும். நல்லா தெரிஞ்சுது. வாய்க்குள்ள ஈ போறதுகூடத் தெரியாம சிரிச்சுக்கிட்டு நின்னா.”

“பொய்யி. ஒரு ஈயும் போவல” என்றாள் கோரல், செம்மண் அப்பிய வண்டியைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டே.

இந்தக் குளிர்காலமும் வந்தார்கள். இன்று காலை மேற்கே செடூனா பக்கம் கிளம்பிவிட்டார்கள். கேட்டைத் தாண்டும்போது கோரல் ஹாரனை நீளமாக அடித்தாள். தூங்கிக்கொண்டிருந்த பார்க் முழுக்க அவளைத் திட்டியது.