மூக்குக்கு நான்கு எண்ணெய்கள்

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது என் மூக்கின் முகரும் சக்தியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பெருங்காயமும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். சமையலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது மாதம் முடிவதற்குள் இறங்கிவிட்டது. சாம்பார் அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது நான் அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் வங்காளி அம்மா, வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

டாக்டர் நான்கு வாசனை எண்ணெய்களை எழுதிக் கொடுத்தார்: எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ். தினமும் இரு வேளை நிதானமாக முகரச் சொன்னார். மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். என் கணவர் அன்றே கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார்.

அவருக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. வீட்டிலும் எல்லாம் டைம்டேபிள்படிதான். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மூக்கருகே பிடித்து, "என்னது, சொல்லு பார்ப்போம்" என்பார். முதலில் எலுமிச்சை, கடைசியில் யூகலிப்டஸ். ஒரு நாளும் வரிசை மாறாது. அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார்.

ஒரு நாள் சும்மா, "எலுமிச்சை மாதிரி இருக்குங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பத்து நாள் வரிசையை ஒப்பித்தேன்.

அடுத்த நாள் மாலை அடுப்பில் பால் தீய்ந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்தான் ஹாலிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தார். சற்று நேரம் கழித்து வழக்கம்போல் உட்காரவைத்தார்.

"எலுமிச்சை" என்றேன். அடுத்த பஞ்சுக்கு, "ரோஜா. இன்னிக்கு நல்லாவே தெரியுது" என்று சேர்த்தும் சொன்னேன்.

"கண்ணைத் திற."

நான்கு புட்டிகளும் மூடியே இருந்தன. அவர் கையில் வெறும் பஞ்சு.

அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்களே" என்றேன்.

அவர் எலுமிச்சைப் புட்டியைத் திறந்து, பஞ்சை நனைத்து நீட்டினார். "இப்ப?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"சரி" என்றார். பஞ்சை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார். "பத்து நாளா என்னைப் பக்கத்துல உட்காரவெச்சுக்கிட்டு, நீ தனியாவா கஷ்டப்பட்டே?"