இந்துமதிக்குத் தெரிந்த சொல்

குந்தா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கவாத்து நடக்கும்போது யாரும் ‘வெட்டு’ என்று சொல்வதில்லை. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் கழித்துவிடும் வேலையில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இறந்தவர்களைத் தேயிலை ஓரத்திலேயே புதைக்கிறோம். ‘வெட்டு’ என்று காதில் விழுந்தால், தங்கள் உறவைத்தான் அறுத்து விடுகிறார்கள் என்று நினைத்து அவர்கள் போய்விடுவார்களாம். பிறகு கனவில்கூட வர மாட்டார்களாம். அதனால் தேயிலைக் காட்டில் எல்லாரும் ‘கட்’ என்பார்கள்.

“அவங்களுக்கு இங்கிலீஷு தெரியாதுல்ல” என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னவர் சங்கிலி மாமா. சிரிக்காமல்தான் சொன்னார்.

கவாத்துக்காரர்களில் மூத்தவர் அவர். இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் இந்துமதியைக் குன்னூரில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தார். விடுமுறையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பத்துச் செடியை அவளும் கழிப்பாள். இடதுகைக்காரி. கிளைகளின் வெட்டு வாயெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

“பீச்சாங்கை கவாத்து. செடிக்கே வெக்கமா இருக்கும்டி” என்பார்.

“செடி என்னைப் பார்த்துச் சிரிக்குதுப்பா. உங்களைப் பார்த்தாத்தான் அழுவுது.”

கல்லூரி விடுதியிலிருந்து போனில் பேசும்போது, “அப்பா, கட் பண்ணிராதீங்க, இன்னும் பேசணும்” என்பாள். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் இறந்தாள். பதினேழாம் நம்பர் காட்டின் ஓரத்தில், ஒரு தேயிலைச் செடியை ஒட்டிப் புதைத்தார்கள். இந்த வருடம் அந்தக் காட்டுக்குத்தான் கவாத்து.

நான் எஸ்டேட் ஆபீசில் டைப் செய்கிறேன். கவாத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாமா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“புள்ள, அந்த வேலைக்கு இங்கிலீஷுல வேற வார்த்தை இருக்கா? அவளுக்குத் தெரியாததா வேணும்.”

“‘ப்ரூன்’னு ஒண்ணு இருக்கு மாமா. நல்லா வளரணும்னு கழிக்கிறது.”

“அது துரை தெனமும் சொல்றது. அவளுக்குத் தெரியும்.”

“ட்ரிம்? நுனியை மட்டும் சீராக்குறது.”

“தலைமுடிக்கு அவளே சொல்லுவா.”

“லாப்?”

“நெழல் மரத்துக் கெளைக்கு. அது எனக்கே தெரியும் புள்ள.”

ஒன்றாக இருந்ததை இரண்டாக்கிவிடுவதற்கும் ஒரு சொல் உண்டு. அதை நான் சொல்லவில்லை. அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எனக்குத் தெரிந்தது எதுவும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“அப்ப வாயைத் தொறக்காமத்தான் செய்யணும்” என்றார். “அவ போயிட்டா எனக்கு வேற ஆரு இருக்கா?”

மறுநாள் முதலுதவிப் பெட்டி கொடுக்க நான் பதினேழாம் நம்பர் காட்டுக்குப் போனேன். பனிமூட்டத்தில் ஆட்கள் முதுகுகளாக மட்டும் தெரிந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. சூப்பர்வைசர் பாண்டியராஜ்கூட கையால்தான் சாடை காட்டினார். கத்தி படும் சத்தம் வரிசை வரிசையாக நகர்ந்தது. கழித்த செடிகள் மொட்டையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கிளை மட்டும் இலையோடு இருந்தது. செடி மூச்சுவிட என்று அதை விட்டு வைப்பார்கள். சாயந்திரம், இந்துமதியின் செடிக்கு ஒரு வரிசை முன்னால் மாமா கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் ஆட்களோடு நானும் மேலே ஏறினேன். அவர் என்ன செய்வார் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தச் செடி கழிக்கப்பட்டிருந்தது.

வெட்டு வாய்களில் இன்னும் ஈரம் இருந்தது. கழித்த கிளைகள் சமாதிமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நனைந்த மண்ணில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. பாண்டியராஜ் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, சாய்வு மாறியில்ல கெடக்குது? ஆருங்க இதை வெட்டுனது?”

சொல்லிய பிறகுதான் அவருக்கு உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்களோடு வந்திருந்த சின்னம்மை அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் இடதுகைக்காரர் யாரும் இல்லை.

அவர் முட்டி போட்டு, ஒவ்வொரு வெட்டு வாயையும் விரலால் தடவினார். லயத்தைப் பார்த்த பக்கம் ஒரு கிளை மட்டும் விட்டிருந்தது. காற்றே இல்லாதபோதும் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“மூச்சுக்கு ஒண்ணு வுட்டிருக்கா” என்றார் மாமா. “அவ போகலை.”

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தார். “பேசிக்கிட்டே வெட்டுங்க” என்றார்.