அறுபத்து மூன்றரை வாட்

பொங்கோல் கம்பத்துக் கிராமத்தில், பன்றிப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு தகரக் கூரை வீட்டில் வளர்ந்தவன் ஆம்ப்ரோஸ். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவன் பட்டம் வாங்கிய எண்பத்தைந்தாம் வருஷம்தான் சிங்கப்பூரில் வேலை வறண்டுபோனது. மகனின் பட்டத்தைப் பங்குக் கோயில் முழுக்கச் சொல்லி மகிழ்ந்த தாய் பிலோமினம்மாள், இரண்டு வருஷம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடையைக் கட்டினார்.

ஆம்ப்ரோஸ் கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பழக்கமானதுதான் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்தில் இருந்த வடிவேலுவின் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே பிழைப்பு. கம்ப்யூட்டர் வாங்கியும் திரையில் ஆங்கிலம்தான் தெரியும். வடிவேலுவின் மனைவி பாக்கியலட்சுமி கண்ணைக் கட்டிவிட்டதுபோலத் தமிழை அடித்து, காகிதத்தில் வந்த பிறகுதான் பிழையைப் பார்ப்பார். திரையிலேயே தமிழ் தெரிய வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும்.

"இது நல்லா ஓடட்டும் தம்பி," என்றார் வடிவேலு. "குவீன்ஸ்டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற சுந்தரம் ஆள் தேடுறார். மாசச் சம்பளம். திங்கக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

ஆம்ப்ரோஸ் கவனமாகத்தான் செய்தான். கார்டு அந்தத் துளையில் உட்காருமா, பழைய திரை அதற்கு ஒத்துவருமா என்று பார்த்தான். திரை எது என்று கார்டுக்குச் சொல்லும் பொடிப் பொடி சுவிட்சுகளைப் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அதில் பிசகினால் திரையே கருகிவிடும்.

"பத்துப் பொருத்தமும் பாத்தாச்சா?" என்றார் பாக்கியலட்சுமி.

"ஒண்ணு பாக்கி இருக்குக்கா."

பவர் சப்ளை. உள்ளே மூலையில் இருந்த எஃகுப் பெட்டி. அது எத்தனை வாட் கொடுக்கும் என்று அதன் மேல் ஒட்டிய சீட்டில் போட்டிருக்கும். ஆனால் போன ஆயுத பூஜை சமயத்தில்தான் ஹார்ட் டிஸ்க் மாட்டினார்கள். மூடி திறந்தே கிடந்ததால் பாக்கியலட்சுமி உள்ளேயே சந்தனத்தை அப்பி, மூன்று குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். எண்கள் அதற்கடியில் காய்ந்து கிடந்தன. ஆம்ப்ரோஸ் ஸ்குரூ டிரைவரை அருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டான். சாமிக்கு வைத்த பொட்டை ஒரு கத்தோலிக்கன் சுரண்டினால் என்ன நினைப்பார்கள்? கழுத்தில் தொங்கிய ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, பவர் சப்ளை எத்தனை வாட்?"

"புது மாடல்னு சொல்லித்தான் வித்தான். ஹார்ட் டிஸ்க்கே ஓடுது, ஒரு கார்டுக்கு என்ன லா?"

அந்தப் பதில் போதும் என்று அவன் மூடியைப் போட்டு முடுக்கினான்.

திரையில் தமிழ் கொம்பும் சுழியுமாக எழுந்து வந்தபோது பாக்கியலட்சுமி நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். வடிவேலு உடனே சுந்தரத்துக்குப் போன் போட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், பாக்கியலட்சுமி ஒரு பத்திரிகையைச் சேமிக்கும்போது கம்ப்யூட்டர் 'டப்' என்று அடங்கியது. கருகிய வாடை. ஆம்ப்ரோஸ் வந்து சேர்வதற்குள் வடிவேலு செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"கார்டு வித்தவன் ஏமாத்திட்டான் தம்பி. நீயும் வா, நாலு வார்த்தை கேக்கணும்."

"பத்து நிமிஷம் கொடுங்கண்ணே."

மூடியைத் திறந்தான். வாடை எஃகுப் பெட்டியிலிருந்துதான் வந்தது.

"அக்கா, இந்தச் சந்தனத்தைத் துடைக்கலாமா?"

"இதையா கேக்குற? அன்னைக்கே துடைச்சிருக்கலாமே. மெஷினுக்கெல்லாம் நான்தானே வருஷா வருஷம் துடைச்சிட்டுப் புதுசா வைக்கிறேன்."

ஈரத்துணியில் ஒரே இழுப்பு. அறுபத்து மூன்றரை வாட். ஹார்ட் டிஸ்க்குக்கே திணறிக்கொண்டிருந்த பெட்டி. இவன் அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியிருக்கிறான்.

வாசலில் வடிவேலு அவசரப்படுத்தினார். கார்டு மேல் பழியைப் போட்டால் திங்கட்கிழமை அப்படியே இருக்கும். கார்டுக் கடைக்காரர் ரவூப் இவனை நம்பித்தான் கொடுத்தார். அவர் கத்துவார், வடிவேலு கத்துவார், அதோடு போய்விடும். ஆம்ப்ரோஸ் ஈரத்துணியை மடித்து மேஜையில் வைத்தான்.

"கார்டு நல்ல கார்டுண்ணே. பவர் சப்ளைதான் பத்தலை. பாத்திருக்கணும். பாக்காம போட்டது நான்."

வடிவேலு செருப்பைக் கழற்றினார்.

"டிகிரி படிச்ச பிள்ளை. நாளைக்கு மூணு பார்ட்டி பத்திரிகைக்கு வந்து நிப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"நூத்தைம்பது வாட்ல ஒண்ணு வாங்கியாறேன். ஹார்ட் டிஸ்க் பிழைச்சிருந்தா அடிச்சு வச்சதெல்லாம் அதுல இருக்கும். இல்லாட்டி அக்கா வாசிக்கட்டும், நான் அடிக்கிறேன்."

ஹார்ட் டிஸ்க் பிழைக்கவில்லை. புதுப் பெட்டியை மாட்டி, ஃப்ளாப்பியில் ஓடவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதல் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். பாக்கியலட்சுமி பழைய கைப்பிரதியைப் பார்த்து வாசித்தார். முன்னறையில் வடிவேலு போனைச் சுழற்றுவது கேட்டது.

"சுந்தரமா? திங்கக்கிழமை அந்தப் பையன் வரல. ஆமா... இல்ல, நல்ல பையன்தான். இன்னும் கொஞ்சம் பழகணும்."

பாக்கியலட்சுமி வாசிப்பதை நிறுத்தினார். ஆம்ப்ரோஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மணமகள் பேரு, அக்கா," என்றான். "சொல்லுங்க."