நீலக் கண் கிடைத்தவளும் நரை கிடைத்தவளும்

என் தங்கைக்கு நீலக் கண். கருத்த முகத்தில் இரண்டு நீலக் கண். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சில்லறை கொடுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாறசாலைச் சந்தைக்குப் போனால் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பக்கத்தில் நான் ஒருத்தி நிற்பது யாருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்தது நெற்றிக்கு மேலே ஒரு கொத்து நரை, பிறந்ததிலிருந்தே. பள்ளிக்கூடத்தில் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டும் அம்மா வழியில் வந்தவை. அம்மாவுக்கும் அதே இடத்தில் நரை உண்டு, மாதா கோயிலுக்குப் போகும்போது முக்காட்டில் மறைந்துவிடும். காரோட்டுக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அம்மாவின் அண்ணனுக்கு நீலக் கண். மாமனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவருக்கு முன்னால் அம்மாவின் சித்தி ஒருத்தியும் அப்படித்தானாம். அதனால் நீலக் கண் என்றால் செவிடு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் மறுத்துப் பேசாத விஷயம். தங்கை பிறந்து கண் திறந்ததுமே அவளுக்குக் காது கேட்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்பா வெளியே போய் உட்கார்ந்து அழுததாகச் சொல்வார்கள்.

மாமனோடு வளர்ந்ததில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மோவாயை, எங்கள் பேச்சில் நாடியை, பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வாள். தங்கையிடமும் அப்படியே பேசினாள். "மக்கா, கஞ்சி குடிச்சியா?" என்று கேட்பதற்குக்கூட அடுப்பை விட்டு எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் மோவாயைத் தாங்குவாள். அந்தக் கை எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. என்னிடம் அவள் பேசுவதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் அரியும்போதுதான். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒன்று விழும்.

"எட்டி, எத்தன தடவ விளிச்சேன். திமிராக்கும் ஒனக்கு."

தங்கைக்குப் பேச்சு வந்தது. நன்றாகவே வந்தது. அவளுக்குக் காது கேட்கிறதோ என்று யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவின் கை செய்த அற்புதம் என்றார்கள். "எங்க அண்ணனுக்கு யாரும் செய்யாதத நான் இவளுக்குச் செஞ்சேன்" என்று அம்மா கோயில் வாசலில் நின்று சொல்வாள். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

பள்ளிக்கூடம் மலையாளம். ஒன்றாம் வகுப்பில் நான் தோற்றுப்போனதால் தங்கையும் நானும் ஒரே வகுப்பானோம். காது கேட்காத பிள்ளை என்று அவளை முதல் பெஞ்சில் வைத்தார்கள், வளர்ந்த பிள்ளை என்று என்னைக் கடைசி பெஞ்சில். டீச்சர் ஒன்று கேட்டால் நான் இன்னொன்று சொல்வேன். வீட்டில் தமிழ், இங்கே மலையாளம், அதுதான் பிள்ளைக்குக் குழப்பம் என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். அதே வீட்டிலிருந்து வந்த தங்கைக்கு ஏன் குழப்பம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஒரு வசனமும் இல்லாமல் இறக்கை கட்டி நிற்கும் சம்மனசு வேஷம். நான் ஆடு.

அவளிடம் எனக்கு ஆகவே ஆகாத ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் என் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து, அதையே மறுபடி சொல்வாள். "அம்ம குளிக்கப் போகச் சொல்லுதா." "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லியாம்." பாவம், சரியாகக் கேட்டோமா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறாள் என்று மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். தனக்கும் கேட்கிறது என்று என்னிடம் பீற்றிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். ஒரு தடவை அவள் வாயைக் கையால் பொத்தியும் இருக்கிறேன். அதற்கும் அடி எனக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், நெய்யாற்றின்கரையில் ஒரு கோயில் மண்டபத்தில் காது பரிசோதனை முகாம் நடந்தது. தங்கைக்கு மெஷின் வாங்கித் தர அம்மா கிளம்பினாள். அப்பா கடலுக்குப் போயிருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னல் இடம் வழக்கம்போல் தங்கைக்கு.

பரிசோதனை செய்தவள் திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெண். தங்கையின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னாள். தங்கை தூக்கினாள். தூக்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் கருவியைத் தட்டிப் பார்த்தாள், வயரைக் கழற்றி மாட்டினாள், மறுபடி வைத்தாள். தங்கை மறுபடியும் தூக்கினாள். "மிடுக்கி" என்று மலையாளத்தில் கெட்டிக்காரிப் பட்டம் கொடுத்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அம்மாவிடம் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். அம்மா நம்பவில்லை. "கண்ணு நீலமாக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் அம்மாவின் நரையைப் பார்த்தாள், பிறகு என் நரையைப் பார்த்தாள். என்னை உட்காரச் சொன்னாள்.

எனக்கும் மிடுக்கி பட்டம் வேண்டும் என்றிருந்தது. தங்கை செய்ததை நான் செய்ய முடியாதா? கருவியில் அவள் விரல் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் நான் கையைத் தூக்கினேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவள் நிறுத்தினாள். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. எப்போது தொடங்குவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எனக்கு இடது காதில் ஒன்றுமே இல்லை, வலது காதில் உரத்த சத்தம் மட்டும். ஒரே வீட்டில் இந்தப் பரம்பரைக் குறை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வரும், சிலருக்குக் கண்ணில், சிலருக்கு முடியில், சிலருக்குக் காதில் என்று அந்தப் பெண் விளக்கினாள். எல்லோரும் என்னைப் போலவே வாயைப் பார்த்துத்தான் பேச்சைக் கேட்கிறார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்றுகூட நினைத்திருந்தேன். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது அதெல்லாம் அல்ல. எனக்கு நரையும் செவிடும், இவளுக்கு அழகு மட்டுமா என்பதுதான்.

அம்மா உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குக் கேக்காதுன்னு எனக்கு முன்னமே தெரியும்."

"பின்ன ஏன் அம்மட்ட சொல்லேல்ல?"

அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா அம்ம ஒன் நாடியல்லா பிடிப்பா. அதாக்கும் எல்லாத்தயும் நானே ஒனக்குத் திருப்பிச் சொன்னேன்."

அறைய வேண்டும்போல் இருந்தது. அத்தனை வருஷம் அம்மாவின் கையையும் அவளே வைத்துக்கொண்டாள், எனக்கு நல்லது செய்த பெயரையும் அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கென்று அவள் எதைத்தான் விட்டுவைத்தாள்?

திரும்பும் பஸ்ஸில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். பாறசாலை வந்தபோது என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "மக்கா, பசிக்குதா?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பசி இல்லை. பசிக்கிறது என்று தலையாட்டினேன், இன்னும் கொஞ்ச நேரம் கை அங்கேயே இருக்கட்டும் என்று.

அம்மாவின் தோளுக்கு அப்பால் தங்கை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவு காலமும் அது என் முகத்தில்தான் இருந்தது. நீலக் கண்ணில் அதுவும் அழகாகத்தான் இருந்தது.